நாலாவது ஆள்

ஆதிமூலம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பது.

குருவின் பெயர் பூரணம். குயவர் வீட்டுப் பெண். கண்மாய்க் கரையில் ஒரு குடிசையில் இருந்தாள். ஊர் அவளை அம்மா என்று கூப்பிட்டது. முப்பது வருடம் ஜமீன் அரண்மனையில் ஓலையும் எழுத்தாணியுமாக இருந்த மனுஷன், கடைசியில் ஒரு குடிசை வாசலைப் பெருக்க வந்துவிட்டாரே என்று ஊர் சிரித்தது. ஆதிமூலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது அமைதி.

"அமைதி மட்டும் போதும்னா கிணத்துக்குள்ள போய் உட்காரலாமேய்யா" என்றாள் அம்மா, முதல் நாளே.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு காலையில், பெருக்கி முடித்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"அம்மா, ஊர் கூடிப் பேசறதால எப்பவாவது நல்லது நடந்திருக்கா?"

"ஏன் கேக்குறீக?"

"நான் எழுதின கடைசி உத்தரவு சாவடியப் பூட்டச் சொல்லித்தான். அதுக்குப் பிறகு ஊர் எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க. கத்தல் இல்ல, துண்டைப் பிடிச்சு இழுக்கிறது இல்ல. நல்ல காரியம்தான் செஞ்சிருக்கேன்னு தோணுது."

அம்மா கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவடி என்பது ஊர் நடுவில் இருந்த கல் மண்டபம். ஒரு கதவு, முன்னால் அகலமான படிகள், அதற்கு முன்னால் பொட்டல். கண்மாயில் தண்ணீர் குறையும்போது, எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்று முடிவு செய்ய ஊர் அங்கேதான் கூடும். அதற்கு இரண்டு வழக்கம் உண்டு. நாலு பேர் உட்கார்ந்தால்தான் சாவடி கூடியதாக அர்த்தம். அதற்குக் குறைந்தால் தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இன்னொன்று, தன் வயலைப் பற்றித் தானே பேசக்கூடாது. பக்கத்து வயல்காரர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் சாவடி கூடும் நாளுக்கு முந்தின நாள் ஊர் முழுக்க அடுத்தவர் வரப்பில் நிற்கும். பேச வேண்டுமே. பேசும்போது ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார், அப்புறம் சண்டைக்குக் கேட்பானேன். சில வருடம் ஏழு நாள் நடக்கும்.

ஜமீன்தார் பொல்லாதவர் இல்லை. சிரித்த முகம். "ஏன் இப்படிக் கத்தி உயிரை விடுறீக? குறை இருக்கிறவுக தனித்தனியா அரண்மனைக்கு வாங்க. நான் கேக்குறேன்" என்றார். சொன்னபடியே கேட்டார். வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, பாயில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் பேச்சையும் கடைசி வரை கேட்டார். ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வயலைப் பற்றித் தானே வாய் நிறையப் பேசலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சாவடிக் கதவு பூட்டப்பட்டது. அங்கே மூன்று பேருக்கு மேல் சேரக்கூடாது, நாலாவதாகச் சேரும் ஆளுக்கு மூன்று நாள் தொழுமரம் என்று உத்தரவு வந்தது. தொழுமரம் என்பது காலை நுழைத்துப் பூட்டும் இரட்டைப் பலகை. மூன்று என்ற அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர் ஆதிமூலம். ஊர் வழக்கம் தெரிந்தவர் அவர்தானே.

அன்று மத்தியானம் இருளாயி வந்தாள். கண்மாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் அவளுக்கு ஒரு துண்டு வயல். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று வயிற்றுக்கும் வருஷத்துச் சோறு அந்த வயல்தான்.

"கதிர் பால் பிடிக்குதும்மா. ஒரு நனைப்பு போதும். அஞ்சு நாளைக்குள்ள தண்ணி வரலைன்னா அத்தனையும் பதரு."

"அரண்மனைக்குப் போனியா?"

இருளாயி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போனேன். முதல் தண்ணி எனக்குத்தான்னு சொல்லிட்டாக. வெளிய சொல்லாத, அடுத்தவுக வயிறெரிவாக, கண்ணு பட்டுரும்னாக. நீங்களும் சொல்லிராதீக. பாவம், சேவுகன் அண்ணன் வயலும்தான் வெடிச்சுக் கெடக்கு. அதைப் பாக்கத்தான் சங்கடமா இருக்கு."

"சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

மறுநாள் அவள் சொன்ன அந்தச் சேவுகன் வந்தான். பக்கத்து வயல்காரன். வாய்க்கு வாய் சாமியை இழுக்கிற மனுஷன்.

"முதல் தண்ணி எனக்குத்தான்னு அரண்மனைல மகாராசா வாக்குக் கொடுத்துட்டாக. சாமி மேல சத்தியமா நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது. இருளாயிய நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. அது என்ன பண்ணப் போகுதோ."

"சொல்ல மாட்டேன்."

அதற்கடுத்த நாள், இருளாயி வயலுக்கு மறுபக்கத்து வயல்காரன் பெத்தணன். அவனுக்கும் முதல் தண்ணீர். அவனுக்கும் ரகசியம். அவனுக்கும் மற்ற இரண்டு பேர் மேல் இரக்கம்.

கதவோரம் உட்கார்ந்து மூன்றையும் கேட்ட ஆதிமூலம், பெத்தணன் போனதும் எழுந்து வந்தார்.

"அம்மா, எல்லாருக்குமா முதல் தண்ணி?"

"அப்படித்தான் தெரியுது."

"ஒரு வயலுக்கும் தண்ணி போகலை. ஆனா கண்மாய்ப் படியில தினம் ஒரு படி வெளிய தெரியுது. வெயிலுக்கு வத்துதுன்னு நெனச்சேன்."

"வெயிலுக்கு வடக்கு மடை மேல என்னய்யா அவ்வளவு ஆசை?"

வடக்கு மடை அரண்மனை வேலிக்குள் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜமீனின் கரும்புத் தோட்டம். ஊரார் யாரும் அங்கே போவதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. நாளைக்குத் தனக்குத்தான் தண்ணீர் என்று ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"நான் போய் மூணு பேர்கிட்டயும் உண்மையச் சொல்லிடறேன்" என்றார் ஆதிமூலம்.

"முடியாது. என்னை நம்பிச் சொன்னாக. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். என் வாசல்ல உக்காந்து கேட்டதால நீங்களும் அதுக்குக் கட்டுப்பட்டவுகதான்."

"பயிர் சாகுதே!"

"ஆமா."

"அப்ப என்னதான் செய்யறது? அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாத்தான் உண்டு. எங்க போய்ச் சொல்லுவாங்க?"

"சொல்ற இடத்தைத்தான் நீங்க பூட்டிட்டீகளேய்யா."

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா முகம் கழுவி, தலை முடிந்து, சாவடிக்கு நடந்தாள். ஆதிமூலம் பின்னால் போனார். அவள் பூட்டிய கதவைப் பார்க்கக்கூட இல்லை. படியில் உட்கார்ந்தாள்.

தலையாரி வீரணன் கம்போடு ஓடி வந்தான். ஜமீனுக்கு ஊர்க்காவல் அவன்தான்.

"அம்மா, இங்க உக்காரக் கூடாதும்மா."

"உத்தரவுல அப்படியா இருக்கு? எழுதினவுக இங்கதான் நிக்கிறாக, கேளு."

வீரணன் ஆதிமூலத்தைப் பார்த்தான். ஆதிமூலம் தொண்டையைச் செருமினார்.

"மூணு பேர் வரைக்கும் தடை இல்ல."

வீரணன் கம்பைக் கீழே ஊன்றி நின்றான்.

வயலுக்குப் போன இருளாயி அம்மாவைப் பார்த்துவிட்டு நின்றாள். என்னவோ ஏதோ என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சேவுகன் வந்தான். அவனும் உட்கார்ந்தான். மூன்று பேர் ஆகிவிட்டது. யாரும் பேசவில்லை. நாலு பேர் இல்லாமல் பேச ஊர் வழக்கம் விடாதே.

செய்தி பரவி ஊரே வந்தது. ஆனால் பயந்த ஊர். படிக்கு வராமல் பொட்டலைச் சுற்றி மூன்று மூன்று பேராக, நடுவில் நாலு முழம் இடம் விட்டு நின்றது. வாழைக்கன்று நட்டது மாதிரி இருந்தது. மூன்று பேரில் ஒருவர் நகர்ந்து பக்கத்துக் கும்பலோடு சேரப் பார்த்தால், "எங்கிட்டு வர்ற? நாங்க மூணு ஆயிட்டோம்" என்று விரட்டினார்கள். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

வெயில் ஏறியது. இருளாயி தன் வயல் இருந்த திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஐந்து நாளில் மூன்று போய்விட்டிருந்தது.

ஆதிமூலம் படிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். தொழுமரம் எத்தனை கனம் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மரம் வாங்க ஓலை எழுதியதும் அவர்தான். அவருக்கு மூட்டு வலி வேறு.

"அம்மா, நான் உட்காரட்டுமா?" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையும் என்கிட்டத் தனியா வந்து கேக்கணுமாய்யா?"

ஆதிமூலம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார்.

பொட்டலில் எல்லாரும் எண்ணிப் பார்த்தார்கள்.

"ஐயா, எந்திரிங்கய்யா" என்றான் வீரணன். அவன் குரல் கெஞ்சியது. "நீங்க நாலாவது."

"தெரியும். எனக்கு எண்ணத் தெரியும் வீரணா."

அம்மா குரலை உயர்த்தினாள். அவ்வளவு உரக்க அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாலு பேர் உக்காந்தாச்சு. சாவடி கூடியாச்சு. இருளாயி, சேவுகன் வயல் எப்படி இருக்கு?"

இருளாயி எழுந்தாள். வழக்கம் அவள் நாக்கிலேயே இருந்தது.

"வெடிச்சுக் கெடக்கும்மா. கால வச்சா கால் உள்ள போகுது. அவுகளுக்குத்தான் முதல்ல விடணும், நியாயமாப் பாத்தா. ஆனா முதல் தண்ணி எனக்குன்னு..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேவுகன் திரும்பினான்.

"யாருக்குன்னு சொன்ன?"

"மகாராசா எனக்குத்தான்னு சொன்னாக, அண்ணே."

"ஒனக்கா? சாமி சத்தியமா எனக்குல்ல சொன்னாக!"

தூரத்தில் மூன்று பேர் கும்பல் ஒன்றிலிருந்து பெத்தணன் கத்தினான். "என்னது? எனக்குல்ல சொன்னாக!"

"எனக்கு!" என்றது இன்னொரு கும்பல். "எனக்கு!" என்றது அதற்கடுத்தது. நடுவில் விட்டிருந்த நாலு முழ இடமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பொட்டல் ஒரே கூட்டமாகிவிட்டது.

வீரணன் கம்பைப் பிடித்தபடி முணுமுணுத்தான். "எனக்கும்தான் சொன்னாக. நான் வெளிய சொல்லலை."

சத்தம் அரண்மனைக்குக் கேட்டது. ஜமீன்தார் வில்வண்டியில் வந்து இறங்கினார். அப்போதும் சிரித்த முகம்தான்.

"என்ன அம்மா இது? குறை இருந்தா நான் கேக்க மாட்டேன்னு சொன்னேனா?"

"இல்லையே. ஒவ்வொருத்தர் பேச்சையும் கேட்டீக" என்றாள் அம்மா.

"பிறகென்ன?"

"நாங்க ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்கலை. அதான் உக்காந்திருக்கோம்."

ஜமீன்தாரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அப்போது இருளாயி முன்னால் வந்தாள். இந்தத் தடவை அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"கண்மாய்த் தண்ணி எங்க போகுது மகாராசா?"

"நாளைக்கு அரண்மனைக்கு வா. வெவரமாச் சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க."

"உனக்கு மட்டும் சொல்றேன்னு சொல்றேன்ல?"

"வேணாம் மகாராசா. இவுகளுக்கும் சேத்துச் சொல்லுங்க."

அவர் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அரண்மனைப் பாயில் உட்கார்ந்து தலையாட்டிய முகங்கள்தான். ஒன்றாகப் பார்க்கும்போது அவருக்கு அடையாளம் தெரியவில்லை போலும். பார்வை ஆதிமூலத்திடம் வந்து நின்றது.

"உத்தரவு எழுதினது நீதான?"

"நான்தான்."

"நாலாவது ஆளுக்கு என்ன?"

"மூணு நாள் தொழுமரம்."

"மாட்டுங்கடா" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார் ஜமீன்தார்.

ஊர் மடை ஒன்றும் திறக்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். ஊர் வடக்கு மடைக்கு நடந்தது. அரண்மனை வேலியை யாரும் உடைக்கவில்லை. அத்தனை பேர் வருவதைப் பார்த்துக் காவல்காரனே படலைத் திறந்துவிட்டான். மடை ஒரு சாண் திறந்திருந்தது. கரும்புத் தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பெண்கள் கூடையில் களிமண் கொண்டுவந்து கொட்ட, ஆண்கள் மடையை அடைத்தார்கள். வீரணன் ஆதிமூலத்தின் கால்களைச் சாவடிப் படியருகே பலகையில் பூட்டி, "மன்னிச்சுக்கங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு, அவனும் மடையடைக்க ஓடினான்.

அப்புறம் எல்லாரும் பொட்டலுக்குத் திரும்பி வந்தார்கள். கதவில் பூட்டு தொங்கியது. பரவாயில்லை என்று வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். யாருக்கு முதல் தண்ணீர் என்று சண்டை ஆரம்பித்தது.

அது சாதாரணச் சண்டை இல்லை. இரண்டு மாதமாக அடைத்துவைத்திருந்த சண்டை.

"என் வயல் பச்சையா இருக்குன்னு எப்படிச் சொன்ன? வந்து பாத்தியா?"

"வரப்புல நின்னு பாத்தேன்."

"வரப்புல நின்னா? உள்ள எறங்கிப் பாக்க ஒனக்குக் கால் வலிக்குதோ?"

உடனே பத்துப் பேர் எழுந்து வயலுக்கு ஓடினார்கள். பார்த்துவிட்டு வந்து மறுபடி கத்தினார்கள். பெத்தணனும் இருளாயியும் ஒரு பழைய வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேசாதவர்கள். அன்று சாயங்காலம் பெத்தணன்தான் எழுந்து சொன்னான். "அந்தப் பொம்பளை பயிர்தான்யா பால் பிடிக்குது. அதுக்கு முதல்ல விடலைன்னா போச்சு. மத்ததெல்லாம் ரெண்டு நாள் தாங்கும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டான். பொழுது சாயும் முன் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. இருளாயி வாய்க்கால் ஓரமாகவே தண்ணீரோடு கூட ஓடினாள்.

அதோடு முடியவில்லை. இரண்டாவது தண்ணீர் யாருக்கு?

மறுநாள் மத்தியானம் வீரணன் ஆதிமூலத்திடம் வந்து குனிந்தான்.

"ஐயா, மகாராசா சொல்லி அனுப்பிருக்காக. நீங்க தனியா அரண்மனைக்கு வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். இப்பவே அவுத்து விடச் சொல்லிட்டாக."

ஆதிமூலத்தின் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் அம்மாவைத் தேடினார். அவள் கூட்டத்துக்கு நடுவில் யாரிடமோ கையை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வர முடியாதுன்னு சொல்லு" என்றார் ஆதிமூலம். "கேக்கணும்னா இங்க வந்து கேக்கச் சொல்லு. இடம் இருக்கு."

வீரணன் அந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னான். ஜமீன்தார் வரவில்லை. பலகையும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சண்டை உச்சத்துக்குப் போனது. சேவுகன் பெத்தணனின் துண்டைப் பிடித்து இழுத்தான். பெத்தணன் சேவுகனின் பாட்டன் வரைக்கும் போனான். ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினார். நாலு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள், நாலு பேர் சொன்னதும் நாலு விதம். அத்தனையும் ஆதிமூலத்தின் தலைக்கு மேலேயே நடந்தது. காதைப் பொத்திக்கொள்ளக் கை இருந்தது. எழுந்து போகத்தான் கால் இல்லை.

அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது. ஆதிமூலம் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மூன்று நாளாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, இந்தச் சண்டைக்காகவா நான் காலைக் கொடுத்தேன்?"

அம்மா சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இந்தச் சண்டைக்காகத்தான்யா."